பந்தி பரிமாறுற ஆளு: மெம்ஃபிஸ் மைக் கான்லி பத்தி பேசினது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதுங்களா? சரி. மைக் புடிச்சுக்கிட்டு பாஸ்கெட்பால் பிளேயர் மைக் கான்லி பத்தி பேச வந்திருக்கேன், இந்த ஜோக்கை நானே சொல்லி முடிச்சுட்டேன், இனிமே யாரும் சொல்லக்கூடாது.

கேம்ப் நடத்துற அண்ணன் கூப்பிட்டப்போ கர்ரி பத்தி பேசுங்க, லெப்ரான் பத்தி பேசுங்க, பசங்களுக்கு அதான் புடிக்கும்னாரு. நான்தான் இல்லண்ணே, முதல் தடவை ஆல்ஸ்டார், அதாவது லீக்லயே சிறந்த ஆளுங்க ஆடுற மேட்ச்சுக்குத் தேர்வு, ஆகுறதுக்கே 14 சீசன் காத்திருந்த ஒருத்தர் இருக்காரு, அவரோட 23 வயசுக் கதையைச் சொல்றேன்னேன். அந்த வயசுல அவரை யாரும் பெருசா கண்டுக்கல.

2007 என்பிஏ டிராஃப்ட்டை எடுத்துக்கோங்க, அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல டீமுங்க புதுப் பசங்களை வரிசையா எடுக்குறது. முதல்ல கிரெக் ஓடன், ரெண்டாவது கெவின் டுராண்ட், மூணாவது அல் ஹார்ஃபோர்ட், நாலாவது கான்லி. நாலாவது இடம்னா சின்ன இடம் இல்ல, ஆனா அவரை எல்லாருக்கும் "ஓடனோட ஃப்ரெண்டு"ன்னுதான் தெரியும். ரெண்டு பேரும் இண்டியானாபோலிஸ்ல ஒரே ஸ்கூல், 2004, 2005, 2006ன்னு வரிசையா 3 தடவை ஸ்டேட் சாம்பியன், அப்புறம் ஒஹாயோ ஸ்டேட்ல ஒண்ணா சேந்து ஃபைனல் வரைக்கும் போய் ஃப்ளோரிடாகிட்ட தோத்தாங்க. 7 அடி ஆளு பக்கத்துல நின்னா 6 அடி ஆளு யாரு கண்ணுக்குத் தெரியும்? வீட்டுலயும் இதே கதைதான், அப்பா 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல டிரிபிள் ஜம்ப்ல தங்கம் வாங்குனவரு, பேரும் மைக் கான்லிதான். சொந்தப் பேர் கூட அப்பாவோட ஷேரிங்.

போய்ச் சேந்த டீம் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ். வான்கூவர்ல இருந்து 2001ல மெம்ஃபிஸுக்கு வந்த டீமு, அதுவரைக்கும் 3 தடவை பிளேஆஃப், அதாவது சீசன் முடிஞ்சு 4 மேட்ச் ஜெயிச்சாதான் மேல போற சுற்று, போச்சு, 3 தடவையும் 4-0ன்னு தோல்வி. கணக்கு போட்டா 12 மேட்ச் ஆடி 12ம் தோல்வி. கான்லி வந்த முதல் சீசன் 82 மேட்ச்ல 22 வெற்றி. அந்த சீசன் நடுவுல, இருந்த ஒரே ஸ்டாரு பாவ் கசோலையும் லேக்கர்ஸுக்கு அனுப்பிட்டாங்க, பதிலுக்கு வந்ததுல ஒண்ணு அவரோட தம்பி மார்க் கசோலை டீம்ல எடுத்துக்குற உரிமை. ஊரே சிரிச்சுது. அடுத்த சீசன் 24 வெற்றி. ரெண்டு ஜாஸ்தி, அவ்வளவுதான்.

கான்லிக்கும் அப்போ பெருசா ஒண்ணும் ஓடல. கூடவே கைல் லோரி இருந்தாரு, ரெண்டு பேரும் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துற ஆளு, ரெண்டு பேரும் சின்னப் பசங்க. 2009 ஆரம்பத்துல கோச்சா வந்த லயனல் ஹாலின்ஸ், அவரே கார்டா ஆடி 1977ல போர்ட்லேண்டோட சாம்பியன் ஆனவரு. லோரியை ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டு பந்தை கான்லி கையில குடுத்தாங்க. அதே வருஷம் ஆலன் ஐவர்சன் வந்தாரு பாருங்க, நம்ம வயசு ஆளுங்களுக்கெல்லாம் சாமி மாதிரி, ஆனா பெஞ்சுல இருந்து வரச் சொன்னது அவருக்குப் புடிக்கல, 3 மேட்ச்லயே கிளம்பிட்டாரு. ஐவர்சனையே உக்கார வச்சுட்டு இந்தப் பையனை ஸ்டார்ட் பண்ண விடுறாங்கன்னா அதுல ஏதோ இருக்குன்னு அப்பவே யோசிச்சிருக்கணும், நானும் யோசிக்கல, ஐவர்சன் போயிட்டாரேன்னு சோகமாத்தான் இருந்தேன்.

அப்புறம் 2010 நவம்பர். 5 வருஷத்துக்கு சுமார் 4.5 கோடி டாலர் கான்ட்ராக்ட். அதுக்கு முந்தின சீசன்ல அவர் மேட்ச்சுக்கு 12 பாயிண்ட், 5 சொச்சம் அசிஸ்ட், அதாவது கூட ஆடுறவன் பாயிண்ட் எடுக்கக் குடுத்த பாஸ். இதுக்கா இவ்வளவு காசுன்னு ஒரே கிண்டல், வீணாப்போன கான்ட்ராக்ட் லிஸ்ட்டுல எல்லாம் பேரைப் போட்டாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. கல்யாண வீட்டுல பந்தி பாத்துக்குற ஆளை யோசிச்சுப் பாருங்க. சாம்பார் சரியா வந்து, இலை சரியா விழுந்து, அடுத்த பந்தி நேரத்துக்கு உக்காந்துட்டா அந்த ஆளு யாருன்னே யாருக்கும் தெரியாது, மொய் எழுதிட்டு எல்லாரும் மாப்பிள்ளையைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. ரசம் லேட்டானா மட்டும்தான் "யாருப்பா பந்தி பாத்துக்குறது?"ன்னு சத்தம் வரும். கான்லி ஆட்டம் அதுதான். அவர் செஞ்சதை விட அவர் நடக்க விடாதது ஜாஸ்தி, அது ஸ்கோர் ஷீட்டுல வராது.

அந்த டீமைப் பாருங்க. உள்ள ஜாக் ராண்டால்ஃப், எகிறிக் குதிக்க மாட்டாரு, ஆனா ரிங்குக்கு அடியில அவரைத் தள்ள முடியாது. ஃப்ரீத்ரோ லைன் பக்கம் மார்க் கசோல். வெளில டோனி ஆலன், டிஃபென்ஸ்ல அரக்கன், ஆனா தூரத்துல இருந்து போட மாட்டாருன்னு எல்லா டீமுக்கும் தெரியும், அதனால அவரை விட்டுட்டு உள்ள வந்து நின்னுக்குவாங்க. ஆக ரிங்குக்கு அடியில இருக்குற பெயிண்ட் ஏரியா தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல். கான்லி டிரைவ் பண்ணி உள்ள போனா எப்பவும் ஒரு 7 அடி ஆளு நிப்பான். ரிங்குகிட்ட போய் லே-அப் போட வழியே இல்ல. அதனாலதான் அந்த ஃப்ளோட்டர், தம்பிங்களா, அது ஸ்டைலுக்கு கத்துக்கிட்டது இல்ல. ரிங்குக்குப் பத்தடி முன்னாடியே நின்னு, பந்தை மேல மிதக்க விட்டா பெரிய ஆளோட கைக்கு மேல போய் விழும். இதுல என்ன விசேஷம்னா அவர் ஜம்ப் ஷாட் போடுறது இடது கை, ஃப்ளோட்டரை வலது கையிலயும் போடுவாரு. எந்தப் பக்கம் போனாலும் எந்தக் கை வரும்னு தெரியாம டிஃபெண்டர் முழிப்பான். நாளைக்கு காலைல பிராக்டிஸ்ல நீங்க வீக் ஹேண்டுல ஒரு 20 போட்டுப் பாருங்க, அப்ப தெரியும்.

இன்னொண்ணு, பின்னாடி வந்த சீசன்கள்ல அந்த டீம் லீக்லயே மெதுவா ஆடுற டீம்கள்ல ஒண்ணு. மெதுவா ஆடினா மேட்ச்ல பந்து கிடைக்குற தடவை கம்மி, அப்போ ஒவ்வொரு டர்னோவரும், அதாவது பந்தை எதிராளிகிட்ட தொலைக்குறது, ஜாஸ்தி வலிக்கும். வேகமா ஓடுற டீம்ல 4 பந்தை விட்டாலும் அடுத்த நிமிஷம் பாத்துக்கலாம், மெம்ஃபிஸ்ல அது நடக்காது. கான்லி 2010-11 சீசன்ல மேட்ச்சுக்கு 6.5 அசிஸ்ட், டர்னோவர் 2 சொச்சம்தான், 82ல 81 மேட்ச் ஆடினாரு. இதையெல்லாம் யாரும் ஹைலைட்ஸ் வீடியோவா போட மாட்டாங்க, "இன்னைக்கு பந்தைத் தொலைக்கல"ன்னு யாருங்க வீடியோ போடுவா?

அந்த சீசன்ல 46 வெற்றி, வெஸ்ட் பக்கத்து டீம்கள்ல கடைசி இடமா 8வதா பிளேஆஃப் உள்ள நுழைஞ்சாங்க. டீமோட முக்கிய ஸ்கோரர் ரூடி கே தோள்ல அடிபட்டு வெளில. எதிர்ல 61 மேட்ச் ஜெயிச்சு முதல் இடத்துல இருந்த சான் ஆன்டோனியோ, கான்லிக்கு நேரா டோனி பார்க்கர், அதுக்குள்ள 3 சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஆளு. முதல் மேட்ச் 2011 ஏப்ரல் 17, ஷேன் பேட்டியர் கடைசியில ஒரு 3 பாயிண்டர் போட்டு 101-98. அந்த டீம் வரலாற்றுலயே முதல் பிளேஆஃப் வெற்றி! சீரிஸ் 4-2. 7 மேட்ச் சீரிஸ்ல 8வது டீம் முதல் டீமைத் தோக்கடிச்சது அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான், 2007ல. அடுத்து ஓக்லஹோமா சிட்டியோட 7 மேட்ச் வரைக்கும் இழுத்துட்டு தோத்தாங்க, அதுல ஒரு மேட்ச் 3 ஓவர்டைம் போச்சு. ராண்டால்ஃப் பேரு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, வரவேண்டியதுதான், நியாயம்தான். அவருக்குப் பந்து எந்த இடத்துல வேணுமோ அந்த இடத்துல, அவர் கையை நீட்டுன நொடியில குடுத்தது யாருன்னு மட்டும் யாரும் கேக்கல.

2013 ஜனவரியில ரூடி கேயை டொரன்டோவுக்கு அனுப்பிட்டாங்க. ஸ்கோர் பண்ற ஆளையே அனுப்பிட்டாங்களே, முடிஞ்சுது கதைன்னு எல்லாரும் சொன்னோம். 56 வெற்றி, வெஸ்ட் ஃபைனல். பந்தி பாத்துக்கிட்டவரு அப்பப்போ சமைக்கவும் ஆரம்பிச்சாரு, அவ்வளவுதான் நடந்துச்சு. அந்த வருஷம் லீக்லயே நல்லா டிஃபென்ஸ் ஆடுறவங்க லிஸ்ட்டு, ஆல்-டிஃபென்சிவ் செகண்ட் டீம்ல பேர் வந்துச்சு. ஆல்ஸ்டார் மட்டும் இல்ல. வெஸ்ட்ல அப்போ பாயிண்ட் கார்டு வரிசையைப் பாருங்க, கிறிஸ் பால், பார்க்கர், வெஸ்ட்புரூக், பின்னாடியே கர்ரி, லில்லார்ட், ரேஷன் கடை க்யூ மாதிரி. ஒரு பக்கத்துக்கு 12 இடம்தான். ஈஸ்ட்ல இருந்திருந்தா ரெண்டு மூணு தடவை போயிருப்பாருன்னு நான் இன்னமும் சண்டை போடுவேன்.

2015. போர்ட்லேண்டோட மேட்ச்ல முழங்கை பட்டு முக எலும்பு உடைஞ்சு சர்ஜரி. 67 மேட்ச் ஜெயிச்ச கோல்டன் ஸ்டேட்டோட ரெண்டாவது மேட்ச்சுக்கு முகத்துல மாஸ்க்கைக் கட்டிட்டு வந்துட்டாரு, இடது கண்ணு ரத்தச் சிவப்பு. 22 பாயிண்ட், மெம்ஃபிஸ் 97-90. அந்த மேட்ச் மட்டும் பாருங்க, முழுசா, ஸ்கிப் பண்ணாம. சீரிஸ் தோத்தாங்க, அது வேற.

யாராவது கேப்பீங்க, இந்தாளுக்குக் கோவமே வராதான்னு. 2021ல ஒருவழியா ஆல்ஸ்டார் ஆனாரு, அதுவும் டெவின் புக்கர் அடிபட்டதால கிடைச்ச இடம், அப்போ வயசு 33, டீமு யூட்டா. அதுவரைக்கும் கேரியர்ல, ரெஃப்ரீகிட்ட கத்துறது மாதிரி நடத்தைக்குக் குடுக்குற டெக்னிக்கல் ஃபவுல் ஒண்ணு கூட இல்ல. சிரிக்காதீங்க, முந்தாநாள் இந்தக் கோர்ட்டுலயே ரெண்டு பேரு ரெஃப்ரீகிட்ட கத்துனதை நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

அந்த ஆல்ஸ்டார்ல 3 பாயிண்ட் போட்டியும் ஆடினாரு. ஃபைனல் ரவுண்டுல கான்லி 27. கடைசியா போட வந்தது கர்ரி, கையில கடைசிப் பந்து, அது அந்தப் போட்டில 2 பாயிண்ட் தர்ற ஸ்பெஷல் பந்து, உள்ள விழுந்துச்சு, 28. கான்லி பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே கை தட்டிட்டு இருந்தாரு. சரி, டீ ஆறிடும், போய்க் குடிங்க.