பிரைமரியில் யாருக்கு வாக்குரிமை?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தேர்தல் என்றால் நவம்பரில் நடப்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். அதற்குச் சில மாதங்கள் முன்பே கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்தல் நடக்கிறது. அதற்குப் பிரைமரி என்று பெயர். நம் ஊரில் கட்சித் தலைமை வேட்பாளர் பட்டியலை வெளியிடும். அங்கே பொதுமக்களே வாக்குச்சாவடிக்குப் போய் அதை முடிவு செய்கிறார்கள். சரி, பொதுமக்களில் யார் யார்? இந்த ஒரு கேள்விக்காக டெக்சாஸ் மாநிலத்தில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் வழக்கு மேல் வழக்கு நடந்தது.

1920களில் டெக்சாஸ், டெமாக்ரடிக் கட்சியின் கோட்டை. அதன் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் தோற்பது அபூர்வம். இந்த நிலையில்தான் அந்தப் பிரைமரியில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று 1923இல் மாநில சட்டமன்றம் சட்டமே போட்டது. எல் பாசோ நகரில் லாரன்ஸ் நிக்சன் என்ற கறுப்பின மருத்துவர் இருந்தார். அப்போது வாக்களிக்க வரி கட்ட வேண்டும். அவர் கட்டினார், 1924இல் ரசீதோடு வாக்குச்சாவடிக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் அவரை அறிந்தவர்கள்தான். உங்களை அனுமதிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியுமே என்றார்கள். தெரியும், ஆனாலும் முயன்று பார்த்தாக வேண்டும் என்றாராம் அவர். இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய மரியாதை தோன்றுகிறது.

நிக்சன் வழக்குத் தொடுத்தார், 1927இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. உடனே சட்டமன்றம், யாரைச் சேர்ப்பது என்று கட்சியின் செயற்குழுவே முடிவு செய்யட்டும் என்று மாற்றி எழுதியது. செயற்குழு அதே தடையைப் போட்டது. நிக்சன் மறுபடி வழக்குக்குப் போய் 1932இல் மறுபடி ஜெயித்தார். அப்புறம் கட்சியின் மாநில மாநாடே கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்று தீர்மானம் போட்டது. 1935இல் இன்னொருவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கட்சி ஒரு தனியார் அமைப்பு, உறுப்பினரைத் தேர்வு செய்வது அதன் உரிமை என்பது வாதம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1944இல், அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கு அது. அவருக்காக நின்றவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். பிரைமரி என்பது மாநிலச் சட்டங்களின்படி நடக்கும் தேர்தல் ஏற்பாட்டின் ஒரு பகுதி, கட்சியின் சொந்த விவகாரம் என்று சொல்லி ஒதுங்க முடியாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஜூலையில் நிக்சனும் அவர் மனைவியும் வாக்களித்தார்கள்.

அதோடும் முடியவில்லை. ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் ஜேபேர்ட் என்றொரு வெள்ளையர் சங்கம், பிரைமரிக்கும் முன்னால் தானே ஒரு வாக்கெடுப்பு நடத்திவந்தது. அதில் வென்றவர்தான் பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் பதவிக்கு வந்தார். 1953இல்தான் அதற்கும் தடை வந்தது. இன்று நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சுகர் லேண்ட் நகரம், அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கட்சிக்கும் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர் வந்து நம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரைமரியிலேயே முடிவு தெரிந்துவிடும் தொகுதிகளில், அந்தக் கதவை மூடினால் குடிமகனின் வாக்குக்கு மிச்சம் என்ன இருக்கிறது? நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவருக்கு மட்டும்தான் பிரைமரி வாக்கு. 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்குக் கட்சி மாற வேண்டியவர்கள் 2015 அக்டோபர் 9க்குள் மாறியிருக்க வேண்டும்! டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தக் கெடுவைத் தவறவிட்டு, தந்தைக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே மனம் தெளிய வேண்டும் என்பது, எந்தக் கட்சியானாலும், அநியாயம்தான். பிறகு அந்தக் கெடுவைப் பிப்ரவரிக்குத் தள்ளினார்கள்.

டெக்சாஸில் இன்று கட்சிவாரிப் பதிவே கிடையாது. குடியுரிமை பெற்று, தேர்தலுக்கு முப்பது நாள் முன்பாவது வாக்காளராகப் பதிந்தவர், மார்ச்சில் வரும் பிரைமரி நாளில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஒன்றுதான், இரண்டும் கிடையாது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால் மே மாதம் மறுசுற்று வரும். மார்ச்சில் ஒரு கட்சியில் வாக்களித்தவர் மே மாதம் மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. மார்ச்சில் போகாதவர் மே மாதம் இரண்டில் எதையும் எடுக்கலாம். இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பிள்ளைகள் அங்கே குடியுரிமையோடு இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். மே மாதச் சுற்றுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் அங்கே ஒரு குடும்பத்தின் நான்கு வாக்குகூடப் பெரிய விஷயம்.

நன்றி, வணக்கம்.