பிப்ரவரி 29: பிறந்தநாள் ஆண்டுதோறும் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாட வேண்டுமா, லீப் வருஷத்தில் மட்டும் கொண்டாடினால் போதுமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ‘அரிதாக வந்தால்தான் அருமை’ என்றார். ‘காலண்டரில் இல்லாத தேதியை எப்படிக் கொண்டாடுவது?’ என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வி கனமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

தேதி இல்லை, சரி. வயது ஏறாமல் நின்றுவிடுகிறதா? பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற 365 நாள், 5 மணி, சுமார் 49 நிமிடம் ஆகிறது. 2024 பிப்ரவரி 29 காலை 8 மணிக்கு ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைக்கு முதல் சுற்று முடிவது 2025 பிப்ரவரி 28, மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டாவது சுற்று 2026 பிப்ரவரி 28, இரவு ஏழரை தாண்டி. மூன்றாவது சுற்று 2027 மார்ச் 1, விடிவதற்கு முன்பே. நான்காவது சுற்று 2028 பிப்ரவரி 29, காலை ஏழேகாலுக்கு. நடுவர் அவர்களே, ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. எந்த நாள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். தைவான் சட்டப்படி பிப்ரவரி 28, ஹாங்காங் சட்டப்படி மார்ச் 1. வயதே ஏறவில்லை என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. பிப்ரவரி 29 எப்போதும் மாசியில்தான் வரும். மாசிக்கு 29 அல்லது 30 நாள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் போதும். அதனால் பிள்ளையின் ஜென்ம நட்சத்திரம் ஒவ்வொரு மாசியிலும் தவறாமல் வரும். அன்றைக்குக் கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை, வீட்டில் பாயசம். எந்தப் பாட்டியாவது நாலு வருஷம் பொறு என்று சொல்லியிருக்கிறாரா?

அருமை என்ற வாதத்துக்கு வருகிறேன். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் வருஷம் இல்லை; நூற்றாண்டு வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். ஆக, அவருக்கு அடுத்த பிப்ரவரி 29 வந்தது 1904-இல், எட்டு வயதில். எட்டு வயது வரை ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளே கிடையாது என்பதா அருமை? 2096-இல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 2100-இலும் அந்தத் தேதி வராது.

ஒன்றாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். பிறந்தநாள் வந்த பிள்ளை யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வரும். மிஸ் முன்னால் நிற்க வைப்பார், வகுப்பே பாடும், அது டப்பாவைத் திறந்து பெஞ்ச் பெஞ்சாகச் சாக்லேட் கொடுக்கும். எல்லோரிடமும் சாக்லேட் வாங்கித் தின்ற ஒரு பிள்ளை, ‘எனக்கு எப்போம்மா?’ என்று வீட்டில் வந்து கேட்கிறது. அதனிடம் எதிரணி காலக்கணிதம் பேசுமா? அந்த வயதுப் பிள்ளைக்கு நாலு வருஷம் என்பது அது வாழ்ந்த வாழ்க்கையில் பெரும்பகுதி!

மொரார்ஜிக்கு எட்டு வயது நிறைந்த அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்திராவை உருவாக்கியவர். 1977-இல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி இவரைக் கேட்டார், இவர் மறுத்துவிட்டார். ருக்மிணி தேவி காலமானது 1986 பிப்ரவரி 24. அவர் கண்ட கடைசி பிப்ரவரி 29, 1984-இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவருக்கு 81 வயது நிறைந்தது. எதிரணி சொல்கிறபடி பார்த்தால் அந்த 81-ஆவது பிறந்தநாள் கணக்கிலேயே இல்லை. 82-ஆவது வரும் முன்பே அவர் போய்விட்டார்.

அந்த 81-ஐக் கணக்கில் சேர்த்து எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.