மறந்தது யார்?

நடுவர் ஐயா அவர்களே, எழுதுகோல் அணியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் மூன்று அண்ணன்மார்களே, பின்னால் அசனம் வேகிற வாசனை வந்துகொண்டிருக்கும்போதும் எழுந்து போகாமல் எங்கள் பேச்சைக் கேட்கிற சபையாரே, எல்லோருக்கும் வணக்கம்.

“வேதத்தை எழுதியவர்கள் தேவன் கையில் எழுதுகோலா, தேவனோடு உழைத்த எழுத்தாளரா?” என்பது தலைப்பு. உழைத்த எழுத்தாளர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், எங்கள் அணி ஏதோ வேதத்தையே மறுதலிக்க வந்த அணி மாதிரி பேசிவிட்டுப் போனார். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி என்னை முறைத்துப் பார்த்தார்கள். ஆச்சி, நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவன்தான். “வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்று அப்போஸ்தலனாகிய பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதியதை இரண்டு அணியும் ஒத்துக்கொள்கிறோம். அருளியவர் யார் என்பதில் சண்டை இல்லை. எப்படி அருளினார் என்பதில்தான் சண்டை.

எதிரணியின் கொள்கை ரொம்ப எளிது. மேலேயிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது, கீழே இருந்தவர் எழுதினார். அவ்வளவுதான். சரி, அந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபம், 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைத் திறப்போம். கொரிந்து சபையில் கட்சி கட்டிக்கொண்டு சண்டை. பவுலுக்குக் கோபம். “கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் வேறொருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்கிற பொருளில் அடித்துச் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு ஞாபகம் வருகிறது. அடடா, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தோமே! அடுத்த வசனத்திலேயே அதைச் சேர்க்கிறார். சேர்த்துவிட்டு, நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுத்த வீடுகளை எண்ணும்போது சொல்வதுபோலவே சொல்கிறார்: இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ, அறியேன்.

நடுவர் அவர்களே, இது 16ஆம் வசனம். வேதத்தில் அச்சாகியிருக்கிறது. எதிரணி சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லும் மேலேயிருந்து சொல்லச் சொல்ல எழுதியதென்றால், ஸ்தேவான் வீட்டாரை மறந்தது யார்? “அறியேன்” என்று சொன்னது யார்? தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருக்கிற தேவனுக்கு ஒரு வீட்டுக் கணக்கு தப்பிப்போனதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். எதிரணியின் கொள்கை அவர்களைத்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

எதிரணித் தலைவர் போப்பாண்டவர் முதலாம் கிரகோரியாரை மேற்கோள் காட்டினார். யோபு புத்தகத்தை எழுதியது யார் என்று கேட்பது, ஒரு பெரிய மனிதரிடமிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பேனாவால் எழுதினார் என்று ஆராய்வது மாதிரி என்று கிரகோரியார் சொன்னது உண்மைதான். அழகான உவமை. ஆனால் கடிதம் எழுதுகிற வேலை எனக்கும் கொஞ்சம் தெரியும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பம்பாயில். ஒருநாள் இன்லேண்ட் லெட்டரோடு என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, “ஏலே, எழுது. தாய் செத்தாளா கெடக்காளான்னு கேக்க நாதியில்ல, ஆறு மாசமாச்சு, அவன் கையில என்ன கரப்பான் வந்துட்டா?” என்றார்கள். நான் எழுதினேன்: “அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும்.” வாசித்துக் காட்டினேன். “நான் ஏசுனத எங்கலே காணோம்?” என்று கேட்டார்கள். ஓரத்தில் நுணுக்கி, “ஆறு மாதமாகக் கடிதம் வராததால் இரவில் தூக்கம் இல்லை” என்று ஒரு வரி சேர்த்தேன். தூக்கம் இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஆனால் ராத்திரி அவர்கள் வீட்டு விளக்கு எரிவதை நான் பார்த்திருக்கிறேன். திரும்ப வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, அதத்தான் சொன்னேன்” என்று கைநாட்டு வைத்தார்கள்.

அந்தக் கடிதம் யாருடையது? பெரியம்மையுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேனா மட்டும் எழுதியிருந்தால் அந்த வரி வந்திருக்குமா? பக்கத்து வீட்டுப் பையன் எழுதியதால் வந்தது.

இன்னொன்று. ரோமர் 16ஆம் அதிகாரத்தில், பவுல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போகும்போது நடுவில் புதிதாக ஒரு குரல் கேட்கிறது: “இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்.” அதாவது பவுல் சொன்னார், தெர்தியு எழுதினார். அப்படியானால் எதிரணிக் கணக்குப்படி தேவனுக்குப் பவுல் எழுதுகோல், பவுலுக்குத் தெர்தியு எழுதுகோல். எழுதுகோலுக்கு ஓர் எழுதுகோலா? அந்த இரண்டாவது எழுதுகோல் “நானும் வாழ்த்துகிறேன்” என்று தலையை நீட்டுகிறதே, அதை என்ன செய்வது?

இரண்டாவதாகப் பேசிய அண்ணன் 2 பேதுருவை எடுத்தார். தேவனுடைய மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே “ஏவப்பட்டு” பேசினார்கள். ஏவப்பட்டவனுக்குச் சொந்த வேலை என்ன இருக்கிறது என்று கேட்டார். கைதட்டல்கூட வாங்கினார். நல்ல கேள்விதான். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற வினை, சுமந்துகொண்டு போகப்படுதல் என்று பொருள்படுவது. அதே வினை அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் ஒரு கப்பலுக்கு வருகிறது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிற கப்பல். யூரோக்கிலிதோன் என்கிற கடுங்காற்று மோதுகிறது. கப்பல் எதிர்த்து நிற்க முடியாமல் காற்றால் கொண்டுபோகப்படுகிறது.

அண்ணன் உடனே சொல்வார்: பார்த்தீர்களா, கப்பல் தானாகவா போனது! பொறுங்கள். இங்கே கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். காற்று தோணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தோணியில் இருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? அன்றைக்குத்தான் அவனுக்கு வேலையே அதிகம். அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். கப்பலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பாயை இறக்குகிறார்கள். சரக்கைக் கடலில் எறிகிறார்கள். பதினாலாம் ராத்திரி, கரை வருகிறாற்போல் தோன்றியதும், விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் விழுது விடுகிறார்கள். பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள்.

காற்றுதான் கொண்டுபோனது. ஆனால் இருட்டில் கயிற்றைப் பிடித்து ஆழம் அளந்த கை மாலுமியின் கை. ஏவப்படுதல் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆழம் பார்த்து எழுதியவர்கள் அவர்கள்.

எசேக்கியேல் தீர்க்கதரிசிக்குச் சுருளையே எழுதிக் கொடுத்தாரே என்றும் கேட்டார்கள். கொடுத்தார். “காப்பி எடு” என்று சொல்லவில்லை, “சாப்பிடு” என்றார். வயிறு நிரம்பச் சாப்பிட்டபின்தான் போய்ப் பேசச் சொன்னார். சாப்பிட்டது செரித்து ரத்தத்தில் சேராமல் பேச்சு எங்கிருந்து வரும்?

எழுதுகோல் கொள்கையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். எபிரெயத்தை முதலில் மெய்யெழுத்தை மட்டும் வைத்துத்தான் எழுதினார்கள். உயிரொலி காட்டும் புள்ளிகளை, மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் ஏறக்குறைய கி.பி. 6 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் வைத்தார்கள். இது நமக்குப் புதிதல்ல. நம் ஓலைச்சுவடியிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி குத்தி ஓலை பொத்துப்போகும் என்று. வாசிக்கிறவன்தான் புள்ளியைத் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எபிரெயப் புள்ளிகள் பிற்காலத்தவை என்று யூத அறிஞர் எலியா லேவித்தா 1538லேயே எழுதிவிட்டார். இருந்தும் 1675இல் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்த சபையார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: புள்ளிகளோ, குறைந்தபட்சம் அவை காட்டும் ஓசையோ, தேவனால் அருளப்பட்டவையே! அவர்கள் ஏன் அங்கே போய் நின்றார்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒரு புள்ளியை மனிதனுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம். 1706இல் ஜெனீவாவே அந்த அறிக்கையைக் கைவிட்டது. மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும் அதே வருஷம்தான். நல்லவேளை, சுவிஸ் புள்ளிச் சண்டையை மூட்டையில் கட்டிக்கொண்டு வரவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். புலம்பல் புத்தகம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்தார்கள். பஞ்சம், பிணம். அந்தத் துக்கத்தைப் பாடிய கவிஞர் எப்படிப் பாடினார் தெரியுமா? அகரவரிசையில். எபிரெய எழுத்து 22. முதல் அதிகாரத்துக்கு 22 வசனம், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். இரண்டாவதும் நாலாவதும் அப்படியே. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. நாம் “அறம் செய விரும்பு, ஆறுவது சினம்” என்று வரிசையாகச் சொல்வோமே, அந்த மாதிரி. 119ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று தலைப்புப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டுமானம்தான்.

இரண்டாம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் லாமேத் முறை வருகிறது. லகர ஒலி. அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும். கவிஞர் தேடுகிறார். எத்தனையோ சொல் இருக்கும். அவர் எடுத்தது “தங்கள் தாய்களிடம்” என்கிற சொல். எபிரெயத்தில் அது லாமேத்தில் தொடங்குகிறது. தாய்களிடம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: தானியமும் திராட்சரசமும் எங்கே? கேட்டுக்கொண்டே, தாய் மடியில் உயிரை விடுகிறார்கள். நம் தமிழ் வேதத்தில் இந்தக் கேள்வி வசனத்தின் கடைசியில் போய்விடுகிறது, நம் வாக்கிய அமைப்பு அப்படி. மூலத்தில் முதல் சொல்லே தாய்.

அழுதுகொண்டே எழுத்து எண்ணியிருக்கிறார் நடுவர் அவர்களே. ஒரு எழுத்துக்காகத் தேடி, அந்தச் சொல்லிலேயே நகரத்தின் துக்கம் முழுவதையும் இறக்கியிருக்கிறார். ஒப்பாரி வைக்கிற நம் பெண்களுக்கு இது தெரியும். மாரில் அடித்துக்கொள்ளும்போதும் எதுகை தப்பாது. அந்தத் தேடலில் ஆவியானவர் இல்லை, தேடி முடித்த சொல்லில் மட்டும்தான் இருந்தார் என்று எதிரணி சொல்லுமா?

இப்போது அண்ணன்மார்களின் பெரிய பயத்துக்கு வருகிறேன். மனிதன் யோசித்து எழுதினான் என்றால் எதை நம்புவது? ஞாயமான கேள்வி. சிலுவையின்மேல் ஒரே ஒரு பலகைதான் இருந்தது. மாற்கு அதில் “யூதருடைய ராஜா” என்று எழுதியிருந்தது என்கிறார். லூக்கா “இவன்” என்பதைச் சேர்க்கிறார். மத்தேயுவில் இயேசு என்ற பெயர் வருகிறது. யோவானில் நசரேயன் என்பதும் வருகிறது. சொல்லுக்குச் சொல் மேலேயிருந்து வந்திருந்தால் ஒரு பலகைக்கு நாலு வாசகம் எதற்கு? நாலு சாட்சிகள் வார்த்தை பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால் எந்த நீதிபதியும் சந்தேகப்படுவார். நாலு பேரும் ராஜா என்பதில் ஒத்துப்போகிறார்கள். எனக்கு அது போதும்.

லூக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தரிசனம் கண்டேன் என்றா ஆரம்பிக்கிறார்? தனக்கு முன் அநேகர் எழுதினார்கள், தானும் “ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து” எழுதுவது நலமாய்த் தோன்றிற்று என்கிறார். விசாரித்து! கத்தோலிக்க உறவுகளின் வேதத்தில் 2 மக்கபேயரை எழுதியவர் இன்னும் ஒரு படி மேல். நன்றாக அமைந்திருந்தால் அதைத்தான் விரும்பினேன், குறையிருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று கடைசியில் எழுதிவிட்டுப் போகிறார். எங்கள் சபை வேதத்தில் அந்தப் புத்தகம் இல்லாமல் போனதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. எங்கள் போதகர் ஐயரவர்கள் மன்னிக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். அசனமும் இறக்கியாகிவிட்டது போலிருக்கிறது. நான் உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து எதிரணித் தலைவர் எழுந்து வருவார், அருமையாகவும் பேசுவார். பேச ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு பதில் மட்டும் சொல்லட்டும்: அண்ணே, ஸ்தேவான் வீட்டாரை மறந்தது யார்?