அம்மாவின் எடையும் பின்சக்கர ஸ்பிரிங்கும்

நேயர்களுக்கு வணக்கம். அல்சூரில் என் வீட்டிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் இன்று 23 ஹம்ப் எண்ணினேன். வெள்ளைக்கோடு போட்டிருந்தது இரண்டுக்குத்தான். வேகத்தடை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் பெங்களூரில் ஹம்ப் என்றால்தான் நமக்கே புரிகிறது.

மெஷின் டூல் தொழிற்சாலை ஒன்றில் டூல்ரூம் ஃபிட்டராக 31 வருடம் இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு கைக்கு வேலை வேண்டுமே என்று 2016 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டூயல் ஸ்போர்ட் என்கிறார்களே, அந்த ஜாதி. தார்ச்சாலையிலும் ஓடும், சாலை முடிந்த பிறகும் ஓடும். 21 அங்குல முன்சக்கரம். முன்னால் 200 மில்லிமீட்டரும் பின்னால் 180 மில்லிமீட்டரும் சக்கரம் ஏறி இறங்க இடம் உண்டு. அந்த 180ஐ ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இந்த மாதிரி வண்டி வாங்குகிற பிள்ளைகள் முதல் வாரமே வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஸ்பிரிங், இந்த ஷாக் அப்சார்பர் என்று ஒரு மாதச் சம்பளம் காலி. நான் கேட்பது ஒன்றுதான்: அளந்தாயா தம்பி? அளந்திருக்க மாட்டான்.

என்ன அளக்க வேண்டும்? வண்டியில் நீங்கள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்குகிறது இல்லையா, அந்த அமுக்கத்தை. ஸாக் என்பார்கள். சக்கரத்துக்கு இருக்கும் மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமுங்க வேண்டும். பின்னால் 180 என்றேனா? அப்படியானால் 50 முதல் 60 மில்லிமீட்டர். சக்கரம் மேட்டில் ஏறவும் வேண்டும், பள்ளத்துக்குள் இறங்கவும் வேண்டும். இறங்குவதற்கு வைத்திருக்கும் இடம்தான் இந்த அமுக்கம்.

தையல்காரர் டேப் போதும். பின்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே பாடியில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். நான் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஓர் அளவு. ஸ்டாண்டை எடுத்து, ஆள் ஏறாமல், வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது ஓர் அளவு. ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ஓர் அளவு. ஒவ்வொரு தடவையும் சீட்டை அழுத்தி விட்டு ஒன்று, தூக்கி விட்டு ஒன்று, இரண்டின் நடுவை எடுங்கள். ஷாக்கில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் பிடித்துக்கொண்டு ஏமாற்றும். டேப்பைப் படிக்க இன்னொருவர் வேண்டும். எனக்கு மாடி வீட்டுப் பையன் வாய்த்தான்.

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்ததில் எனக்கு 55 வந்தது. சந்தோஷம். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவன் ஆயிற்றே. ஹம்ப் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டம்' என்று அடிக்கும், "முருகா" என்பார். சரி, அம்மாவையும் வைத்து அளப்போம் என்று, "அம்மா, உன் எடை எவ்வளவு?" என்று கேட்டேன். "வயசு கேட்டா சொல்லலாம். எடையை எதுக்குடா கேக்கிறே?" கடைசியில், 50 கிலோ என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஏற்றி உட்கார வைத்தேன். பையன் டேப்பைப் பார்த்து, "அங்கிள், 101" என்றான். 55 எங்கே, 101 எங்கே? அம்மாவால் மட்டும் 46 மில்லிமீட்டர். இருந்த 180இல் பாதிக்கு மேல் கோயிலுக்குக் கிளம்புமுன்பே போய்விட்டது. பிறகு ஹம்பில் அடிக்காமல் என்ன செய்யும்?

அத்தோடு விட்டிருக்கலாம். டூல்ரூம் புத்தி விடவில்லை. அம்மாவை இறக்கிவிட்டு, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை அதே இடத்தில் கட்டி, நான் ஏறி உட்கார்ந்தேன். மூட்டைகளால் அமுங்கியது 39 மில்லிமீட்டர். 50 கிலோவுக்கு 39 என்றால், 46க்கு எவ்வளவு? பையன் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. மனக்கணக்காகவே போட்டு, "59 கிலோ அங்கிள்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். அன்று ராத்திரி எனக்கு ரசம் இல்லை.

ஆனால் பாருங்கள், ஸ்பிரிங் என்றால் அதுதான். இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லிமீட்டர். அந்தக் கணக்கு, கம்பியின் தடிமனிலும் சுற்றின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. நட்டைத் திருகினால் மாறாது. இதை இரண்டு தடவை சொல்கிறேன், ஏனென்றால் மெக்கானிக்குகளே தவறாகச் சொல்கிறார்கள். ஷாக்கின் மேலே, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோடு நட்டைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. கடினமாவதில்லை! வண்டி உயர்ந்து நிற்கும், அவ்வளவே.

சரி, கடினமான ஸ்பிரிங் தேவையா என்று எப்படித் தெரியும்? நட்டைத் திருகி, ஆள் ஏறினால் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இறங்கிப் பாருங்கள். வண்டி தன் பாரத்துக்குச் சுமார் 15 முதல் 30 வரை அமுங்கியிருந்தால் நல்லது. கொஞ்சங்கூட அமுங்காமல் விறைத்து நிற்கிறதா? ஸ்பிரிங் உங்களுக்கு மிருது. விறைப்பாக நிற்கிறதே, எப்படி மிருது என்பீர்கள். நட்டை அவ்வளவு இறுக்கியதால்தான் அது தாங்கியே நிற்கிறது. அப்போதுதான் ஜே.சி. ரோட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் இல்லை.

ஒரே ஷாக்கைப் பின்னால் வைத்து, சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் கொடுக்கும் யோசனையை யமஹாவுக்குக் கொடுத்தவர் லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியக்காரர். 1973இல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் அந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. இதைச் சொன்னால் என் மருமகள் கொட்டாவி விடுவாள், போகட்டும்.

அடுத்து, ஷாக்குக்குள்ளும், முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்களான ஃபோர்க்குக்குள்ளும் இருக்கும் ஆயில். ஸ்பிரிங் தூக்கும், ஆயில் நிதானப்படுத்தும். சின்ன ஓட்டை வழியாக நல்லெண்ணெயைத் தள்ளுவதற்கும் விளக்கெண்ணெயைத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முன் ஃபோர்க் மெத்தென்று இருக்கிறதே என்று நான் ஒருதரம் 20 டபிள்யூ என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டேன். ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி போனேன். வரிசையாக ஐந்தாறு சின்ன ஹம்ப் வருமே, அங்கே கை மரத்துப்போயிற்று. முதல் மேட்டில் அமுங்கிய சக்கரம், கெட்டி ஆயிலால் முழுக்கத் திரும்பி வருமுன் அடுத்த மேடு. ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கி, கடைசியில் இடமே இல்லை. கடினமாகத் தெரிந்தது ஸ்பிரிங் அல்ல, ஆயில்.

வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு: ஆயிலை மில்லியில் ஊற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அளந்து, மேனுவலில் சொன்னபடி இரண்டு காலிலும் ஒன்றுபோல வையுங்கள். கூடுதலை உறிஞ்ச மருந்துக்கடை சிரிஞ்சும் ஒரு சின்ன ட்யூபும் போதும். ஃபோர்க் மேல்மூடியைக் கழற்றும்போது கடைசி மரையில் கையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள், உள்ளே ஸ்பிரிங் தள்ளும். என் வீட்டு ட்யூப்லைட் அப்படித்தான் போனது. பின் ஷாக்குக்குள் அழுத்தத்தில் கேஸ் இருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது.

அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ட்யூனிங்கைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், இரண்டு நிமிடம்கூட இல்லை. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. காற்று இங்கே மெலிசு. சென்னையில் ட்யூன் செய்த வண்டி இங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுமுன், அது முழுக்க மூட எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பி வர வழி வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கால் கால் சுற்றாக... சரி சரி, நிறுத்துகிறேன். வணக்கம்.