வாசல்ல விளக்குமாறு தொங்குனா உள்ள போகலாம்

வணக்கம். ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்குற பசங்களுக்கு ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. வீசா, பிளாக்டு அக்கவுண்ட், ரூம் தேடுறது இதெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் பேசிட்டாங்களாம், அதனால நீங்க ஒயின் பத்திப் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. நான் எக்ஸ்பர்ட் எல்லாம் கிடையாதுங்க, எஸ்லிங்கன்ல ஆட்டோமோட்டிவ் படிச்சுட்டு அப்படியே இந்த ஸ்டுட்கார்ட் பக்கமே தங்கிட்டவன். கைல காசு இல்லாம இந்த ஊர் ஒயினை எப்படிச் சுத்திப் பார்க்கலாம்ங்கறது மட்டும் நல்லாத் தெரியும். குடிக்காதவங்களும் கேளுங்க, உங்களுக்கும் இதுல இடம் இருக்கு.

முதல்ல காசு விஷயம். ஜெர்மனில பீருக்குத் தனி வரி இருக்கு, பிராந்தி விஸ்கிக்கு இருக்கு, ஸெக்ட்னு சொல்ற நுரை ஒயினுக்குக் கூட இருக்கு, ஆனா சாதா ஒயினுக்கு அந்த மது வரி சுத்தமா ஜீரோ, மத்த சாமானுக்குப் போடுற அதே 19 சதவீத வாட் மட்டும்தான். அந்த ஸெக்ட் வரி 1902ல கெய்சர்னு சொல்ற ஜெர்மன் பேரரசர் ரெண்டாம் வில்ஹெல்ம் காலத்துல கடற்படைக்குக் காசு சேர்க்கப் போட்டது, கடற்படையும் போச்சு கெய்சரும் போயாச்சு, வரி மட்டும் இன்னைக்கும் பாட்டிலுக்கு 1.02 யூரோ இருக்கு. நம்மூர்ல சரக்கு விலைல பெரும்பகுதி வரிதான், டாஸ்மாக்கை நம்பித்தான் கவர்மெண்ட் ஓடுதுன்னு நாமளே பேசிப்போம் இல்லையா, அங்கேர்ந்து வந்தவனுக்கு சூப்பர் மார்க்கெட்ல அஞ்சாறு யூரோவுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒயின் நிக்கிறதைப் பார்த்தா இது ஏதோ மட்டமான சரக்குன்னு தான் தோணும். அப்படி இல்லைங்க. இங்க அது விவசாயி வீட்டுச் சாமான், அவ்வளவுதான்.

அதைப் புரிஞ்சுக்கணும்னா பேஸனுக்குப் போகணும். பேஸன்னா விளக்குமாறு. திராட்சை போடுற விவசாயி தன் வீட்டு வாசல்ல ஒரு விளக்குமாறைக் கட்டித் தொங்க விட்டா கடை திறந்திருக்குன்னு அர்த்தம். ஹோட்டல் லைசென்ஸ் தேவையில்லை, ஆனா சட்டம் கறாரா இருக்கு: வருஷத்துக்கு மொத்தம் நாலு மாசம் தான், அதையும் ரெண்டு தவணைக்கு மேல பிரிக்கக் கூடாது, 40 சீட்டுக்கு மேல போடக் கூடாது, சொந்தத் தோட்டத்து ஒயின் தான் ஊத்தணும், சாப்பாடும் சிம்பிளா இருக்கணும். அதனால பல இடத்துல அது அவங்க வீட்டு ஹாலாவோ பழைய மாட்டுக் கொட்டகையாவோ தான் இருக்கும். உள்ள போனா தனி டேபிள் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, நீளமான பெஞ்ச், முன்ன பின்ன தெரியாதவங்க பக்கத்துல தான் நெருக்கி உக்காரணும், உக்கார்றதுக்கு முன்னாடி இங்க இடம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும். கால் லிட்டர் கணக்குல, காது வெச்ச கண்ணாடி டம்ளர்ல வரும், ஃபீர்டலேன்னு கேக்கணும், நாலஞ்சு யூரோ ஆகும். ஒரு டம்ளரை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசிட்டு இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சொல்லப்போனா அப்படித்தான் குடிக்கணும்னு எதிர்ல இருக்குற தாத்தாவே பாடம் எடுப்பார். காலேஜ்ல ஒரு வருஷமா ஹலோவுக்கு மேல பேசாத ஜெர்மன்காரங்களைப் பார்த்தே பழகினவங்களுக்கு இது வேற உலகம்ங்க, நம்ம ஊர் எது, அங்க என்ன பயிர், மழை எப்போன்னு கேட்டுக் கொடைஞ்சிடுவாங்க.

குடிக்கலன்னா டிராவுபென்ஸாஃப்ட் கேளுங்க, அதே தோட்டத்துத் திராட்சை ஜூஸ். சைவம் சாப்பிடுறவங்க மட்டும் ஒண்ணு கவனிச்சுக்கோங்க, இந்த ஊர் உருளைக்கிழங்கு சாலட்ல கறி வேகவெச்ச தண்ணி ஊத்திப் பிசையறது வழக்கம், பார்த்தா தெரியவே தெரியாது. பிரெட், சீஸ்னு வாங்கினாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பேஸன்ல நிறைய கிடைக்கிறது டிரோலிங்கர்ங்கற திராட்சை ரகத்துல செஞ்ச ஒயின். செவப்புன்னு பேரு, ஆனா ஊத்துனா டம்ளருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவர் மூஞ்சி தெரியும், அவ்வளவு வெளிர். ஒயின் தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்கிறவங்க இதை மதிக்கவே மாட்டாங்க, எனக்கு என்னமோ கொஞ்சம் சில்லுன்னு குடிச்சா இதைவிட லேசான, தொல்லை இல்லாத ஒயின் கிடையாதுன்னு தான் தோணுது. இன்னொரு காரணமும் இருக்கு. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குல விளையுதே பன்னீர் திராட்சை, 2023ல புவிசார் குறியீடு கூட வாங்குச்சே, அது உண்மைல மஸ்கட் ஹாம்பர்க்ங்கற ரகம். அந்த மஸ்கட் ஹாம்பர்க்கைப் பெத்த ரெண்டு ரகத்துல ஒண்ணு இந்த டிரோலிங்கர் தான், இன்னொண்ணு அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட், டிஎன்ஏ பார்த்து உறுதி பண்ணியிருக்காங்க. அதே டிரோலிங்கரை ரீஸ்லிங்ங்கற வெள்ளைத் திராட்சையோட கலப்பு பண்ணி 1929ல இங்க பக்கத்துல வைன்ஸ்பெர்க்ல உருவாக்குனது கெர்னர்னு ஒரு வெள்ளை ரகம். கணக்குப் பார்த்தா பன்னீரும் கெர்னரும் தூரத்து உறவு இல்ல, டிரோலிங்கர் வழில நெருங்கின சொந்தமே தான். இதை பேஸன்ல சொல்லிப் பாருங்க, அப்புறம் உங்களை சீக்கிரம் கிளம்ப விட மாட்டாங்க.

செலவே இல்லாம பார்க்கணும்னா நடங்க. ஸ்டுட்கார்ட் மெயின் ஸ்டேஷன்ல இறங்கினாலே மேட்டுல திராட்சைத் தோட்டம் தெரியும், ஊருக்குள்ள நீங்க மூச்சு வாங்க ஏறுற அந்தக் கல் படிக்கட்டுல நிறைய அந்தக் காலத்துத் தோட்டத்துக்காகப் போட்டது தான். ஸ்டூடண்ட் டிக்கெட்லயே உண்டர்டுர்க்ஹைம் போய் அங்கேர்ந்து ரோட்டன்பெர்க் மேட்டுக்கு ஏறுங்க, கீழ பென்ஸ் ஃபாக்டரி, ஸ்டேடியம், நெக்கர் ஆறு, இந்தப் பக்கம் முழுக்கத் திராட்சை வரிசை. உச்சில ஒரு வட்டமான கல்லறைக் கோயில், 1819ல செத்துப்போன ராணி காத்தரினாவுக்காக, அப்போ இந்தப் பகுதியை ஆண்ட வுர்ட்டம்பெர்க் ராஜா முதலாம் வில்ஹெல்ம் கட்டினது, 1824ல முடிஞ்சுது. ரஷ்ய இளவரசி அவங்க. நம்ம பசங்க படிக்கிற ஹோஹன்ஹைம் யூனிவர்சிட்டி இருக்கே, அதுவே 1816ல வெயிலே அடிக்காம பயிர் செத்துப் பஞ்சம் வந்தப்புறம் இவங்க ரெண்டு பேரும் 1818ல ஆரம்பிச்ச விவசாயப் பள்ளி தான்.

எஸ்லிங்கன்ல இருக்குறவங்களுக்கு கெஸ்லர் ஊருக்குள்ளயே இருக்கு, 1826ல ஆரம்பிச்ச ஜெர்மனியோட பழமையான ஸெக்ட் கம்பெனி, அதை ஆரம்பிச்சவர் பிரான்ஸ்ல வீவ் கிளிக்கோங்கற ஷாம்பேன் கம்பெனில வேலை பார்த்து தொழில் கத்துக்கிட்டு வந்தவர். அந்தக் கட்டடத்தைப் பாருங்க, பாட்டிலை வேலை கிடைச்சதும் வாங்கிக்கலாம்.

ஒயின் டேஸ்டிங்னு காசு கட்டிப் போற நிகழ்ச்சி ஸ்டூடண்டுக்கு வேண்டாம்ங்கறது என் அபிப்ராயம். அதுக்குப் பதிலா தோட்டத்துக்காரர் வீட்டு விற்பனை ரூமுக்கே போங்க, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ருசி பார்க்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் ஊத்துவாங்க, ஆனா ஒரு பாட்டிலாவது வாங்கிட்டு வர்றது மரியாதை. இல்லன்னா நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு ரீஸ்லிங், நாலு விலைல வாங்கி லேபிளை மூடி வெச்சு ஊத்திப் பாருங்க. லேபிள்ல டிராக்கன்னா இனிப்பில்லாதது, ஹால்ப்டிராக்கன்னா லேசா இனிப்பு, லீப்லிஹ்னா நல்ல இனிப்பு. நம்ம காரத்துக்கு ஹால்ப்டிராக்கன் ரீஸ்லிங் தாங்க சரி, சிக்கன் சுக்காவோட குடிச்சுப் பாருங்க, டிராக்கன் வெச்சுக் குடிச்சா காரம் இன்னும் ஏறும். குட்ஸ்ஆப்ஃபுல்லுங்னு போட்டிருந்தா தன் தோட்டத்துப் பழத்தைத் தானே பிழிஞ்சு தானே அடைச்சதுன்னு அர்த்தம், அதே விலைல ரெண்டு இருந்தா நான் அதைத்தான் எடுப்பேன்.

செப்டம்பர் அக்டோபர்ல ஃபெடர்வைஸர்னு ஒண்ணு வரும், இன்னும் புளிச்சுட்டே இருக்குற கலங்கலான புது ஒயின், வெங்காயக் கேக்கோட சாப்பிடுவாங்க. அதோட மூடியை வேணும்னே இறுக்க மாட்டாங்க, கேஸ் வெளில போகணும்ல, அதனால லேப்டாப் இருக்குற பையில படுக்க வெச்சு எஸ்-பான் ரயில்ல ஏறாதீங்க. ஜூஸ் மாதிரி இனிக்கும், ஆனா ஜூஸ் இல்ல, நாள் ஆக ஆக ஆல்கஹால் ஏறிட்டே போகும்.

அதே மாசத்துல திராட்சை பறிக்க ஆள் எடுப்பாங்க. நெக்கர் ஓரத்துச் செங்குத்து மேட்டுல மெஷின் ஏறாது, கையால தான் வெட்டணும், இடுப்பு கழண்டுடும், ஆனா சம்பளமும் வரும், பல இடத்துல மதியச் சாப்பாடும் கிடைக்கும். நமக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் தான் வேலை பார்க்க அனுமதி, அந்தக் கணக்குல இதுவும் சேரும், பார்த்துக்கோங்க.

கார்ல போகாதீங்க, 21 வயசுக்குக் கீழ இருந்தாலோ புது லைசென்ஸா இருந்தாலோ இங்க லிமிட் ஜீரோ. பேஸன் எப்போ எது திறக்கும்னு பேஸன் காலண்டர் வரும், அதைப் பார்த்துட்டு கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிடுங்க. பல இடத்துல கார்டு வாங்க மாட்டாங்க, நோட்டா எடுத்துட்டுப் போங்க. ஆறு மணிக்கு மேல போனா இடம் கிடைக்காது. நன்றி, வணக்கம்.