பிள்ளைக் காம்பராவுக்கு ஓர் ஆசிரியை

நேயர்களுக்கு வணக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகள் முதலாம் வகுப்புக்கு வருமுன் கழிக்கும் வருடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்தெடுக்கப் போகும் தாய், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறாள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஏற்பாடு அது. தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்பு யார் கணக்கிலும் இல்லை. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். சில தோட்டங்களில் நல்ல கட்டடமும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் உண்டு, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் கைக்குழந்தைக்குப் பால் கரைத்து, துணி மாற்றி, தொட்டில் ஆட்டுகிறவளே நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதையும் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு எத்தனை கை இருக்கிறது?

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அந்த இலவசமும் முதலாம் வகுப்பிலிருந்துதான். முன்பள்ளிக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். பட்டணத்துப் பிள்ளை பாட்டும் படமும் பழகி வந்து உட்காரும் வகுப்பில், நம் பிள்ளை அன்றுதான் பென்சிலைப் பிடிக்கிறது. சில மாதங்களில் அதற்கு ‘மெல்லக் கற்கும் பிள்ளை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆரம்ப வகுப்பில் கற்பித்தவள் நான். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

தெற்கே சிங்களவர் அதிகம் வாழும் காலி, மாத்தறைப் பக்கத் தோட்டங்களின் நிலை இன்னும் கடினம். அங்கே தமிழ்ப் பாடசாலையே தூரம். சிங்களம் நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்கட்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று சொல்லவும், அழுதால் தேற்றப்படவும் வீட்டில் பேசும் தமிழ் வேண்டும்.

கைக்குழந்தைப் பராமரிப்பையும் முன்பள்ளியையும் பிரித்து, முன்பள்ளியை இலவசக் கல்விக்குள் கொண்டுவர வேண்டும். பாடசாலையில் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்புக்கு வேலை தேடிப் போகும் பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். கொடுப்பனவு என்று ஏதோ ஒன்றைக் கையில் வைக்காமல் மாதச் சம்பளம் கொடுங்கள்.

பெற்றோரே, 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் சேவை செய்யலாம். வீதிக்கும் விளக்குக்கும் கேட்கும்போது முன்பள்ளிக்கும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.