அந்தச் சுவரைப் பார்த்தது கேமரா மட்டும்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"மறைந்துபோன பக்கத்துத் தெரு தியேட்டரை நமக்குத் திருப்பித் தருவது பழைய புகைப்படமா, பார்த்தவர்களின் நினைவா?" இதுதான் தலைப்பு. புகைப்படமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள்: "புகைப்படத்தில் கைதட்டல் கேட்குமா? இருட்டில் பக்கத்து சீட்டில் அப்பா சிரித்தது கேட்குமா?" கேட்காதுதான் அம்மா. அந்தச் சிரிப்பை எந்தக் கேமராவாலும் எடுத்துவர முடியாது. ஆனால் அந்த நினைவுக்குள் அப்பா இருக்கிறார், நடிகர் இருக்கிறார், கதை இருக்கிறது. தியேட்டர் இருக்கிறதா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளக்கு அணைவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று ஓடினோம். உட்கார்ந்ததும் கண் திரைக்குப் போனது. இடைவேளையில் விளக்கு எரிந்ததும் வெளியே ஓடினோம். ஐம்பது தடவை போய்வந்த அந்தத் தியேட்டரின் கூரை எப்படி இருந்தது, பக்கச் சுவரில் என்ன வேலைப்பாடு இருந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் திகைத்துப் போவோம். அதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. திரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக் கூடாது என்றுதானே அங்கே இருட்டாக்கினார்கள்!

ஹிரோஷி சுகிமோட்டோ என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் 1970களில் ஒரு வேலையைத் தொடங்கினார். பழைய தியேட்டருக்குள் பெரிய கேமராவை நிறுத்துவார். படம் ஆரம்பிக்கும்போது ஷட்டரைத் திறப்பார். படம் முடிந்த பிறகுதான் மூடுவார். முழுப் படமும் ஒரே புகைப்படத்தில் விழும். அதில் கதையும் இல்லை, நடிகரும் இல்லை. அத்தனை காட்சிகளின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாக நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் தியேட்டர் தெரிகிறது. தூண், வளைவு, கூரையின் பூவேலை, வரிசை வரிசையாக நாற்காலிகளின் முதுகு. இரண்டு மணி நேரமும் அந்த ஒளி சுவரில் விழுந்துகொண்டேதான் இருந்தது, நடுவர் அவர்களே. நாம் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா பார்த்தது.

சரி, என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா சின்ன வயதில் போன தியேட்டரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "கோட்டை மாதிரி இருக்கும்" என்பார். அதை நம்பித்தான் வளர்ந்தேன். சில வருடங்களுக்கு முன்னால் உறவினர் ஒருவரின் ஆல்பத்தில் ஒரு போட்டோ கிடைத்தது. யாரோ இரண்டு பேர் தெருவில் நிற்கிறார்கள். எடுத்தவர் குறிவைத்தது அவர்களைத்தான். பின்னால், தற்செயலாக, அந்தத் தியேட்டர். கோட்டை எல்லாம் இல்லை. இரண்டு கதவு, ஒரு டிக்கெட் கவுண்ட்டர், பக்கத்தில் ஒரு குறுகலான சந்து, அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கவுண்ட்டர் துவாரத்துக்குக் கீழே சிமெண்ட் விளிம்பு நடுவில் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. எத்தனை பேர் கையை ஊன்றியிருந்தால் சிமெண்ட் அப்படித் தேயும்! சுவரோரம் ஒரு பையன் அண்ணாந்து போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தச் சந்தின் மேல் விரலை வைத்தார். "இந்த வழியாத்தான் ஆபரேட்டர் காத்து வாங்க வருவார். பனியன் நனைஞ்சிருக்கும். ஒரு ரீல் முடியறதுக்குள்ள திரும்ப ஓடுவார்" என்றார்.

அந்தக் காலத்து புரொஜெக்டரில் கார்பன் குச்சிகள் இரண்டின் நுனிக்கு நடுவே மின்சாரம் பாய்ந்துதான் வெளிச்சம் வரும். கேபின் உலை மாதிரி கொதிக்கும். 2000 அடி ரீல் ஒன்று 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அது முடியும் நொடியில் அடுத்த மெஷினில் அடுத்த ரீல் ஓடத் தொடங்க வேண்டும். அந்த மனிதருக்குக் கிடைத்த ஓய்வே அந்தச் சில நிமிடங்கள்தான். அத்தனை வருடம் தியேட்டர் கதை சொன்ன அப்பா, ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த போட்டோவைப் பார்த்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். நினைவு பெரியது என்கிறீர்கள் அம்மா. அந்த நினைவு வாய் திறக்கவே ஒரு போட்டோ வேண்டியிருந்தது.

எதிரணியில் இன்னொரு நண்பர் நல்ல வாதம் ஒன்று வைத்தார்: "புகைப்படமும் பொய் சொல்லும். எடுப்பவர் தனக்குப் பிடித்த கோணத்தில்தான் எடுப்பார்." உண்மைதான். ஆனால் கோணத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கும் தெரியாமல் பிரேமுக்குள் நுழைந்துவிடும் விஷயங்கள் இருக்கின்றனவே. முகப்பில் எழுதியிருக்கும் சினிமாவின் பெயர், வாசலில் நிற்கும் கார், தெருவிளக்கு. படத்தின் பெயரை வைத்தே போட்டோ எந்த வருடத்தை ஒட்டி எடுக்கப்பட்டது என்று கணித்துவிடலாம். நினைவில் தேதி ஒட்டியிருப்பதில்லை.

ஜான் மார்கோலிஸ் என்ற அமெரிக்கர் 1969இலிருந்து ஏறத்தாழ 40 வருடம் காரிலேயே ஊர் ஊராகப் போனார். சாலையோர விடுதி, பெட்ரோல் பங்க், சிற்றூர்த் தியேட்டர் என்று, யாரும் கட்டடக்கலையாக மதிக்காதவற்றை எடுத்தார். அவருடைய 11,000க்கும் மேற்பட்ட வண்ண ஸ்லைடுகளை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதே நூலகத்தில் இன்னொரு புகைப்படம் இருக்கிறது. இன்று நான் பேச ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான். 1939 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. மிசிசிப்பி மாநிலத்தில் பெல்சோனி என்ற சிற்றூர். எடுத்தவர் மேரியன் போஸ்ட் வோல்காட். தியேட்டரின் பக்கச் சுவரை ஒட்டி வெளியிலேயே ஒரு படிக்கட்டு. தொப்பி போட்ட கறுப்பின மனிதர் ஒருவர் தனியாக அதில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் நிழல் சுவரில் விழுகிறது. மேலே பலகை: கறுப்பினத்தவர், அனுமதி 10 சென்ட். கீழே ஒரு கதவில்: வெள்ளை ஆண்களுக்கு மட்டும்.

அதே சனிக்கிழமை முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்த வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வயதான பிறகு அந்தத் தியேட்டரைப் பற்றிக் கேட்டால் இனிமையாகச் சொல்வான். பொய்யே இருக்காது. ஆனால் அந்தப் படிக்கட்டு அதில் வராது, ஏனென்றால் அவன் அந்தப் பக்கம் போகவே வேண்டியிருந்ததில்லை. ஏறிப் போனவருக்கு மறக்காது. ஆனால் அவரை யார் கேட்டார்கள்? யாரும் கேட்காத அந்த நினைவுக்குச் சாட்சியாக இன்று நம் கையில் இருப்பது இந்த ஒரு போட்டோ. பழைய தியேட்டர் என்றாலே நமக்கு நெஞ்சு இளகுகிறது. எனக்கும்தான். அந்த இளக்கத்தில் யாரையும் வெளியே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, கண்ணெதிரே அந்தப் படிக்கட்டு வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்து, முகங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தியேட்டரின் மூலையாவது தெரிந்தால், வீட்டில் மூத்தவரிடம் காட்டி, எந்தத் தெரு, எந்த வருடம் என்று கேட்டு, போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும்.

வணக்கம்.